எந்திரக் கால்களுடன் நடக்கும்போது கைகள் ஓய்ந்துபோகாமல் இருக்க

தண்டுவடக் காயத்தால் இடுப்புக்குக் கீழ் அசைவற்றுப்போன ஒருவர் ரீவாக் போன்ற எக்ஸோஸ்கெலட்டனை (கால்களுக்கு வெளியே பூட்டிக்கொள்ளும் மோட்டார் சட்டகம்) அணிந்து நடப்பதைப் பார்த்தால், மோட்டார்தானே நடக்கிறது, இவருக்கென்ன சிரமம் என்றுதான் தோன்றும். நானும் அப்படி எண்ணிக்கொண்டுதான் பயிற்சிக்குப் போனேன். பத்தே நிமிடத்தில் பனியன் நனைந்து, தோள்களும் முன்கைகளும் நடுங்கத் தொடங்கின. எலும்பு அடர்த்தி, மூட்டுகளின் இயக்கம் ஆகியவற்றைச் சோதித்து மருத்துவர் ஒப்புதல் தந்தவர்கள், இயன்முறை மருத்துவர் அருகிலிருக்கும்போது மட்டும் கீழ்க்காணும் படிகளைப் பின்பற்றவும்.

படி 1: சிறுநீர்ப்பையைக் காலி செய்துவிட்டு, துணி மடிப்பு எதுவும் பட்டைக்கு அடியில் சிக்காதபடி சட்டகத்தை அணியுங்கள். உணர்வில்லாத தோல் வலித்து எச்சரிக்காது என்பதால், கழற்றியதும் கண்ணாடி கொண்டு பார்க்க வேண்டும்.

படி 2: எழுந்தவுடன் நடக்காதீர்கள். இரத்த அழுத்தம் சட்டென இறங்கக்கூடும். தலை சுற்றினால் உட்கார்ந்துவிடுங்கள்.

படி 3: எடையை மாற்றுதல். நான் மூன்று வாரம் தடுமாறிய இடம் இது. உடல் முன்சாய்வதை உணரி கண்டறிந்த பிறகே ரீவாக் அடுத்த காலை வீசும். ஆனால் அதற்குள் எடை முழுவதும் நிற்கும் காலுக்கு மாறியிருக்க வேண்டும். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் நான் இரண்டு ஊன்றுகோல்களையும் அழுத்திப் பிடித்துக்கொண்டதால் எடை நடுவிலேயே தங்கி, வீச வேண்டிய காலின் முனை தரையில் உரசி, எந்திரம் நின்றுவிடும். நின்ற உடலை மீண்டும் நிமிர்த்தும் வேலை கைகளின் தலையில் விழும். சுமார் 23 கிலோ எடையுள்ள சட்டகத்தின் பாரம் பாதத் தகடுகள் வழியே தரைக்குப் போய்விடுகிறது. ஆளைக் களைக்க வைப்பது இந்தச் சமநிலைப் போராட்டம்தான்.

என் இயன்முறை மருத்துவர் பழைய மருந்துச் சீட்டு ஒன்றை எழுந்து நிற்பதற்கு முன்பே இடது காலணிக்கு அடியில் வைத்து, நின்றபின் உருவிப் பார்த்தார், வரவில்லை. இடுப்பை வலப்பக்கமும் சற்றே முன்னுமாக நகர்த்தி, மூச்சை அடக்காமல் வெளிவிட்டபோது சீட்டு வழுக்கிக்கொண்டு வந்தது. சீட்டு எளிதாக உருவப்படும்வரை ஓரடியும் எடுத்துவைக்காதீர்கள்.

படி 4: முயற்சியை அளத்தல். விலையுயர்ந்த கைக்கடிகாரத்தைவிட ஒரு நோட்டும், எவ்வளவு சிரமப்படுகிறோம் என்று நாமே எண் கொடுக்கும் போர்க் அளவுகோலும் போதும் என்பது என் கருத்து. அதில் 6 ஓய்வு, 20 உச்ச முயற்சி. 'சற்றே கடினம்' என்னும் 13-ஐத் தொட்டதும் நான் நிறுத்திவிடுவேன். சக்கர நாற்காலிக்கும் கட்டிலுக்கும் மாற இதே தோள்கள்தானே வேண்டும்! 2007-இல் குதிரையிலிருந்து விழுந்து தண்டுவடத்தில் காயமடைந்த இங்கிலாந்துப் பெண் கிளேர் லோமாஸ், 2012-இல் ரீவாக் அணிந்து லண்டன் மாரத்தானை முடிக்க 17 நாள்கள் எடுத்துக்கொண்டார். நாளொன்றுக்குச் சராசரியாக இரண்டரைக் கிலோமீட்டர்தான்.

பின்சேர்க்கை: நாடித்துடிப்பை எண்ணினால் போதாதா என்று இருவர் கேட்டிருந்தார்கள். காயம் ஆறாவது மார்பு முள்ளெலும்புக்கு மேலிருந்தால் உழைப்புக்கேற்ப நாடி ஏறாமல் போகலாம் என்பதால் அதை நம்ப வேண்டாம். அத்தகையவர்களுக்குத் திடீரெனக் கடும் தலைவலியும் முகத்தில் வியர்வையும் தோன்றினால் அதைக் களைப்பு என்று எண்ணாமல், உடனே நிமிர்ந்து உட்கார்ந்து, பட்டைகளைத் தளர்த்தி, சிறுநீர்ப்பையைச் சோதித்து, மருத்துவரை அழைக்க வேண்டும்.