ஈரக்காற்றில் நாட்டுக் கத்தரி விதையைக் காப்பது

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் விதையைக் கெடுப்பது ஈரக்காற்றுதான். இப்போது மழையும் காலம் தவறிப் பெய்வதால் வீட்டு விதை கையில் இருப்பது அவசியம்.

நோயில்லாத 5, 6 செடிகளில் மொட்டு விரியும் முன்பே மெல்லிய துணிப்பையால் கட்டுங்கள். தேனீ வேறு ரக மகரந்தத்தைக் கொண்டுவராது. காய் பிடித்ததும் பையை எடுத்துவிட்டுக் காம்பில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். தோல் மஞ்சளாகிப் பழுத்த பிறகே பறிக்க வேண்டும். கறிக்காய்ப் பருவத்தில் அறுத்தால் விதை வெளுத்துச் சப்பையாக இருக்கும், முளைக்காது.

பழத்தைத் தண்ணீரில் பிசைந்து, மிதப்பதைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கியதை முறத்தில் பரப்பி ஒரு வாரம் நிழலில் உலர்த்துங்கள். மழையென்றால் மின்விசிறிக் காற்று போதும். தகரக்கூரை வெயில் வேண்டவே வேண்டாம், முளைக்கரு வெந்துவிடும்.

கண்ணாடிப் போத்தலில் விதையின் எடையைவிடக் கூடுதலாக, வறுத்து ஆறிய அரிசியைத் துணியில் முடிந்து போட்டு இறுக மூடுங்கள். இரண்டு வாரத்தில் அரிசியை எடுத்துவிட்டு, ரகமும் தேதியும் எழுதி ஐஸ்பெட்டியில் (ஃபிரிட்ஜில்) வையுங்கள். வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள்; குளிர் விடுமுன் திறந்தால் விதைமேல் நீர் கோக்கும்.

ஆண்டுக்கொரு முறை 10 விதையை ஈரத்துணியில் சுற்றிவைத்து இரண்டு வாரம் பாருங்கள். ஏழுக்குக் கீழே முளைத்தால் அந்தப் பருவமே விதைத்துப் புது விதை எடுத்துவிடுங்கள். ஒரு பிடியைப் பக்கத்து வீட்டிலும் கொடுத்துவையுங்கள்.