6746328388800: ஒரு பெரிய எண்ணைப் பிரித்து மேய்வது எப்படி?

பதின்மூன்று இலக்கங்கள். ஏறக்குறைய ஆறே முக்கால் லட்சம் கோடி. இதற்கு எத்தனை காரணிகள் என்பதைக் கால்குலேட்டர் இல்லாமலே கண்டுபிடிக்கலாம். ஒரு தாளும் பேனாவும் போதும்.

படி 1: சின்னப் பகா எண்களைக் கழற்றுங்கள்

கடைசியில் இரண்டு பூஜ்யம். அதாவது 100, அதாவது 2² × 5². அதை ஓரமாக வைத்தால் மிச்சம் 67463283888. இதை நான்கு முறை 2 ஆல் வகுத்தால் 4216455243 என்ற ஒற்றைப்படை எண் வரும். ஆக மொத்தம் 2⁶.

இப்போது இலக்கங்களைக் கூட்டுங்கள்: 36. எனவே 9 ஆல் வகுபடும், ஈவு 468495027. இதன் இலக்கக் கூடுதல் 45, மறுபடியும் 9 ஆல் வகுக்கலாம்: 52055003. இதன் கூடுதல் 20, இனி 3 கிடையாது. 3⁴ கிடைத்துவிட்டது. அடுத்து 7 ஆல் இரண்டு முறை வகுத்தால் 1062347.

படி 2: மிச்சத்தை உடையுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 1062347-இல் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டுங்கள்: 1+6+3+7 = 17; 0+2+4 = 6. வித்தியாசம் 11. எனவே 11 ஆல் மீதியின்றி வகுபடும்: 96577. அதை 13 ஆல் வகுத்தால் 7429, அதை 17 ஆல் வகுத்தால் 437. இந்த 437-ஐப் பார்த்தால் பகா எண் போலவே தோன்றும். ஆனால் 437 = 441 − 4 = 21² − 2². அதாவது (21 − 2)(21 + 2) = 19 × 23.

முழு விடை: 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23.

படி 3: காரணிகளை எண்ணுங்கள்

ஒரு காரணியில் 2-இன் அடுக்கு 0 முதல் 6 வரை எதுவாகவும் இருக்கலாம்; ஏழு வழிகள். இப்படியே ஒவ்வொரு அடுக்குடனும் 1 கூட்டிப் பெருக்குங்கள்: 7 × 5 × 3 × 3 × 2⁵ = 10080. ஒற்றைப்படைக் காரணிகள் மட்டும் வேண்டுமென்றால் அந்த 7-ஐ விட்டுவிடுங்கள்: 1440.

படி 4: அடுக்குகளை வரிசையாகப் பாருங்கள்

6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1. எங்கும் ஏறவில்லை. 2-க்கு 4, 3-க்கு 6 என்று மாற்றிப் போட்டால் காரணிகள் அதே 10080தான். எண் மட்டும் இரண்டேகால் மடங்கு பெருத்துவிடும். இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் 10080 காரணிகளோ அதற்கு மேலோ கிடையாது. இப்படிப்பட்டவைதான் உயர் பகு எண்கள். கேம்பிரிட்ஜில் இருந்தபோது ராமானுஜன் 1915-இல் வெளியிட்ட நீண்ட ஆய்வுக்கட்டுரையில் இவற்றின் பட்டியல் இருக்கிறது; அதன் கடைசி எண்தான் நம்முடைய 6746328388800. கணினி இல்லாத காலத்தில், கைக்கணக்கில் அவர் எட்டிய உயரம் அது.

அந்த நெடும் பட்டியலில் ஒரே ஒரு எண் விடுபட்டுப்போனது. நம் எண்ணை 23 ஆல் வகுத்துப் பாருங்கள், அதுவே வரும்: 293318625600. காரணிகள் சரிபாதி, 5040. அந்த 5040-உம் ஓர் உயர் பகு எண். அதற்கு எத்தனை காரணிகள் என்பதை மூன்றாம் படியைக் கொண்டு நீங்களே போட்டுப் பாருங்கள்; 60 வர வேண்டும்.