மேட்ச்ல பதட்டமாகுற பொண்ணுங்கள எப்படி தயார் பண்றது

தஞ்சாவூர், மன்னார்குடி, மாயவரம் பக்கம் பொண்ணுங்க பாஸ்கெட்பால் டீம் பாத்துக்குற பிடி சார், மிஸ், சீனியர் அக்காங்களுக்குத்தான் இது. ப்ராக்டிஸ்ல பத்துக்கு எட்டு போடுற புள்ள மேட்ச்ல ஃப்ரீ த்ரோ (எதிர் டீம் ஃபவுல் பண்ணா யாரும் மறிக்காம போட விடுற ஷாட்) லைன்ல நின்னா பால் ரிங்குக்கே போகாது, உடனே இன்னும் நூறு ஷாட் போடுன்னு சொல்றோம், ஆனா கோளாறு கையில இல்ல. பதட்டத்துல நெஞ்சு படபடன்னு அடிக்கும், தோள் இறுகிடும், பால் ஷார்ட்டா விழும்.

1990லயே சாலவே, மேயர்னு ரெண்டு சைக்காலஜிஸ்ட்டுங்க இமோஷனல் இன்டெலிஜென்ஸ் பத்தி எழுதுனாங்க. தன் மனசுலயும் அடுத்தவங்க மனசுலயும் என்ன ஓடுதுன்னு கவனிச்சு, அது கோவமா பயமான்னு பிரிச்சுப் பாத்து, அதுக்குத் தக்கபடி நடந்துக்குறது, அவ்ளோதான். அழாதன்னு அதட்டுறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

மொதல்ல கேட்டுப் பழகுங்க. ப்ராக்டிஸ் முடிஞ்சதும் அந்த மிஸ் ஆனப்ப எப்படி இருந்துச்சுன்னு கேளுங்க, "ஒண்ணுமில்லக்கா"ன்னுதான் சொல்லும், விடாதீங்க, ஆனா நோண்டவும் வேணாம். காம்பவுண்ட் சுவத்துல உக்காந்து கமெண்ட் அடிக்கிற பசங்களால வர்ற கூச்சம் வேற, தோத்துடுவோமோங்குற பயம் வேற. கூச்சம்னா அந்தப் பசங்கள அனுப்புறது உங்க வேல, அந்தப் புள்ள வேல இல்ல.

ஃப்ரீ த்ரோவுக்கு ரெஃப்ரி பால் குடுத்ததும் 5 செகண்ட்தான், அதனால பால் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே மூச்ச நீளமா வெளிய விட சொல்லுங்க, அப்புறம் பால ரெண்டு தடவ தரையில தட்டு, ரிங்க பாரு, போடு. தெனமும் அதே வரிசை. ஃப்ரெஷ்ஷா இருக்கும்போது மட்டும் பழகுனா பத்தாது, ஃபுல் கோர்ட் ஓடவிட்டு மூச்சு வாங்கும்போது, மத்த புள்ளைங்க சுத்தி நின்னு கத்தும்போது போட வைங்க.

கோவக்காரப் புள்ளைக்கு வேற வழி. முழங்கையால ஒரு இடி வாங்குனதும் பதிலுக்கு இடிச்சு ஃபவுல் வாங்கும், 5 ஆனா வெளிய. பக்கத்துல ஆடுறவ அத கவனிச்சு கிட்டப் போய் கையத் தட்டி "அடுத்தத பாருடி"ன்னு சொல்லணும், யார் யாருக்கு சொல்றதுன்னு முன்னாடியே பேசி வச்சுக்கங்க.

டைம் அவுட் 1 நிமிஷம். மொதல்ல தண்ணி, அப்புறம் ஒரே ஒரு விஷயம் சொல்லுங்க.

இன்னொண்ணு, ஷாட் விட்ட உடனே புள்ள ரிங்க பாக்காம பெஞ்ச்ல உங்க மூஞ்சிய பாக்குதா? அப்போ நீங்க கத்துறத நிறுத்துங்க, ஒவ்வொரு மிஸ்ஸுக்கும் உங்களப் பாத்துட்டு நிக்கிற புள்ள ரீபவுண்டுக்கு, அதாவது ரிங்குல பட்டுத் திரும்புற பால புடிக்க, எப்படி ஓடும்.