தடுப்புச் சுவர் உள்ள கொட்டகையில் மின்கம்பி இழுக்கும் முறை

கிராமத்து வீடுகளின் பின்புறத்துக் கொட்டகை பல இடங்களில் ஒரே கூரையின் கீழ் மூன்றாகத் தடுக்கப்பட்டிருக்கும்: மாடு கட்டும் பகுதி, வைக்கோல் அறை, தீவனம் நறுக்கும் இயந்திரம் நிற்கும் அறை. முதலில் ஒரு விளக்கு, பிறகு அந்தச் சுவிட்ச் போர்டிலிருந்தே சுவரைத் துளைத்து இன்னொரு விளக்கு, அதற்கும் பிறகு இயந்திரம் என்று ஒட்டுப்போட்டுக்கொண்டே போவதில்தான் இங்கே கோளாறு தொடங்குகிறது. மூன்று பகுதிகளுக்கும் மூன்று தனிச் சுற்றுகள் என்று முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். வேலையை உரிமம் பெற்ற வயர்மேனிடமே ஒப்படைக்க வேண்டும். என்ன கேட்டு வாங்க வேண்டும் என்பதற்கே இக்குறிப்பு.

வீட்டு மீட்டரிலிருந்து கொட்டகை 30 மீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். 2 எச்பி சிங்கிள் பேஸ் மோட்டார் ஏறத்தாழ 11 ஆம்பியர் இழுக்கும். விளக்கு, மின்விசிறியையும் சேர்த்தால் 14 ஆம்பியர். 2.5 ஸ்கொயர் எம்எம் செப்புக் கம்பியில் இந்தத் தொலைவுக்குள் ஏழரை வோல்ட் குறைந்துவிடும். 4 ஸ்கொயர் எம்எம் கம்பியில் ஐந்து வோல்ட்டுக்கும் குறைவாகவே இழப்பு ஏற்படும். மோட்டார் கிளம்பும் நொடியில் பல மடங்கு மின்னோட்டம் பாய்வதால், கொட்டகைக்கு வரும் முதன்மைக் கம்பியில் சிக்கனம் பார்ப்பது புத்திசாலித்தனம் அல்ல. உள்ளே விளக்குகளுக்கு 1.5, பிளக் பாயிண்டுக்கு 2.5, மோட்டாருக்கு 4 ஸ்கொயர் எம்எம் போதும்.

டிபி பாக்ஸை, அதாவது சுற்றுகள் பிரிந்து போகும் பெட்டியை, வைக்கோல் அறையில் வைக்கவே கூடாது. மாடு கட்டும் பகுதியும் அதற்கு ஏற்றதன்று. சாணம், மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா செம்பையும் பித்தளையையும் அரித்துவிடும். நறுக்கும் அறையின் வாசல் அருகே, தூசு புகாத மூடியுள்ள பெட்டியாக, மழைச்சாரல் படாத சுவரில் பொருத்துவதே நல்லது. அங்கிருந்து மற்றப் பகுதிகளுக்கு உட்சுவர்களைத் துளைத்துக்கொண்டு போவதைவிட, வெளிச்சுவரில் கூரை இறவாணத்தின் கீழ் 25 மில்லிமீட்டர் பிவிசி பைப்பை ஓட்டி, ஒவ்வொரு அறைக்குள்ளும் தனித்தனியே நுழைப்பதையே நான் விரும்புவேன். வைக்கோல் அறையைக் கடந்து போகும் கம்பி எதுவும் இல்லாமல் போகும் என்பது இதில் கிடைக்கும் பெரிய லாபம்.

சுவரைத் துளைக்கும் இடத்தில் கவனம் கூடுதலாகத் தேவை. துளை வெளிப்பக்கம் சற்றே தாழ்ந்து சரிந்திருந்தால் பைப்பை ஒட்டி வழியும் மழைநீர் உள்ளே வராது. பைப் சுவரின் முழுக் கனத்தையும் கடந்து இருபுறமும் வெளியே நீண்டிருக்க வேண்டும். கம்பி செங்கல்லிலோ தகரத்திலோ நேரடியாக உரசக் கூடாது. கம்பிகளை இழுத்து முடித்தபின் பைப்பின் வாயைப் புட்டி வைத்து அடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் தூசும் பூச்சியும் அந்த வழியாகவே அடுத்த அறைக்குப் போகும். எலி கடிக்கும் என்பதால் ஒரு சாண் கம்பிகூடத் திறந்து கிடக்கலாகாது. சுவருக்குள் இணைப்புப் போடவே கூடாது. இணைப்பெல்லாம் திறந்து பார்க்கக்கூடிய ஜங்ஷன் பாக்ஸுக்குள் மட்டுமே இருக்கட்டும். வைக்கோல் அறைக்குள் சுவிட்சும் பிளக் பாயிண்டும் வேண்டாம். சுவிட்சை வெளியே வைத்து, உள்ளே மூடிய எல்இடி விளக்கு ஒன்றை மட்டும், வைக்கோல் எட்டாத உயரத்தில் பொருத்தலாம்.

பகுதிகளுக்கு இடையே செய்யப்படும் பெரிய தவறு, ஒரு சுற்றின் நியூட்ரலை (மின்னோட்டம் திரும்பிப் போகும் கம்பியை) இன்னொரு சுற்றுக்குக் கடன் வாங்குவது. மாடு கட்டும் பகுதிக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) ஒன்றும் மற்ற இரண்டுக்குமாக இன்னொன்றும் போட்டிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்றுதான் ஆர்சிசிபி பார்க்கிறது. வைக்கோல் அறை விளக்கின் நியூட்ரலைப் பக்கத்தில் கிடக்கிறதே என்று மாட்டுப் பகுதியின் நியூட்ரலோடு முறுக்கிவிட்டால், விளக்கைப் போட்டவுடன் ஆர்சிசிபி மின்சாரத்தைத் துண்டித்துவிடும். 'கருவி சரியில்லை' என்று அதைத் தாண்டி நேரடியாக இணைத்துவிடுகிறவர்களும் உண்டு. அதைவிட ஆபத்தான காரியம் வேறில்லை. இரண்டு வாசல்களிலிருந்தும் ஒரே விளக்கைப் போட்டு அணைக்க டூ வே சுவிட்ச் வைக்கும்போதும், விளக்கின் பேஸும் நியூட்ரலும் ஒரே சுற்றிலிருந்துதான் வர வேண்டும்.

எர்த் கம்பி எல்லாப் பகுதிகளுக்கும் அறுபடாமல் செல்ல வேண்டும். ஈரத் தரையில் நான்கு கால்களையும் ஊன்றி நிற்கும் மாட்டின் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையே ஏற்படும் சிறு மின்னழுத்த வேறுபாடே அதற்குத் தீங்காகலாம். ஆகவே இரும்புத் தூண், தீனித்தொட்டியின் கம்பித் தடுப்பு, தண்ணீர்க் குழாய் ஆகியவற்றை ஒன்றோடொன்று இணைத்து எர்த்தில் சேர்த்துவிட வேண்டும்.

மின்சாரம் கொடுப்பதற்கு முன், விளக்குகளைக் கழற்றிவிட்டு 500 வோல்ட் மெக்கரால் (கம்பியின் மின்காப்பை அளக்கும் கருவி) ஒவ்வொரு சுற்றையும் தனித்தனியே சோதித்து, ஒரு மெகாஓமுக்குக் குறையாமல் காட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மாதம் ஒருமுறை ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அந்தப் பொத்தான் எர்த்தைச் சோதிப்பதில்லை. எர்த் குழியை மண் காய்ந்து கிடக்கும் கோடையில்தான் தனியே அளந்து பார்க்க வேண்டும்.