பென்னி லேனைப் பாட்டோடு நடந்து பார்ப்பது எப்படி

லிவர்பூலுக்குப் போகிறவர்கள் பலர் பென்னி லேனின் கீழ்க்கோடியில், கிரீன்பேங்க் ரோடு பக்கம் இறங்கி, பெயர்ப்பலகையோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பீட்டில்ஸ் இசைக்குழுவின் ‘பென்னி லேன்’ பாட்டில் வரும் எதுவும் அங்கே இல்லை. அந்தக் குழுவின் பால் மெக்கார்ட்னி பாடியது தெருவின் மறுகோடியை, பஸ்கள் வந்து திரும்பும் ஸ்மித்டவுன் பிளேஸ் சந்திப்பை. ஊர்க்காரர்களுக்கு அந்த வட்டாரம் முழுக்கவே பென்னி லேன்தான்.

நகர மையத்தில் 86ஆம் எண் பஸ் ஏறி, ஸ்மித்டவுன் ரோடு முடிகிற இடத்தில் இறங்குங்கள். சந்திப்பின் நடுத்திட்டில் இருக்கும் பழைய பயணியர் நிழற்கூடம்தான் பாட்டில் நர்ஸ் பாப்பிப் பூ விற்கும் இடம். பின்னாளில் அதை உணவகமாக மாற்றிவிட்டார்கள். அதனால் அடையாளம் தெரியாமல் கடந்துபோய்விடுவது சுலபம். அதன் பக்கத்தில் நின்று பாட்டை ஒருமுறை முழுதாகக் கேளுங்கள், மூன்று நிமிடம்தான். பாட்டில் வரும் முடிதிருத்துபவரின் கடையும் வங்கி இருந்த மூலையும் அங்கிருந்து நாலு எட்டுதான். அந்தக் கடை அப்போது பியோலெட்டியுடையது. முடிவெட்டு மாதிரிப் படங்களை ஜன்னலில் மாட்டியிருப்பார்கள். பாட்டில் அவையே முடிதிருத்துபவர் காட்டும் புகைப்படங்களாகிவிட்டன. பால் சிறுவயதில் பாடிய புனித பர்னபாஸ் தேவாலயமும் அருகிலேயே இருக்கிறது.

பாட்டில் வரும் தீயணைப்பு நிலையத்தை அங்கே தேடி அலையாதீர்கள். அது ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால், மேதர் அவென்யூவில் இருக்கிறது. அல்லர்டன் ரோட்டிலேயே நேராக நடந்தால் வரும். இன்னும் தள்ளிப்போய் பக்கத்துத் தெருவில் திரும்பினால் பால் வளர்ந்த 20, ஃபோர்த்லின் ரோடு. அந்த வீட்டுக்குள் போக பாரம்பரிய இடங்களைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பில் முன்பதிவு கட்டாயம். உள்ளே படம் எடுக்க முடியாது.

எந்த மாதம் போனால் பாட்டில் உள்ளபடி இருக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். நீல வானமும் கொட்டும் மழையும் ஒரே பாட்டில் வருகின்றன. போரில் இறந்தவர்கள் நினைவாகப் பாப்பி விற்பது நவம்பரில், ஆனால் கோடையும் கூடவே வருகிறது. 1966 டிசம்பர் கடைசியில் லண்டனில் பதிவு தொடங்கியபோது பால் ஊரைவிட்டு வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பல வருடத்து நாட்கள் ஒன்றாகக் கலந்துதான் அவர் நினைவில் இருந்தன. பாட்டின் அழகே அதில்தான் இருக்கிறது.

நேரம் இருந்தால், இந்தப் பாட்டு வந்த 1967 இசைத்தட்டின் மறுபக்கத்தில் உள்ள ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ பாட்டின் இடத்தையும் பார்த்துவிடுங்கள். ஸ்ட்ராபெரி ஃபீல்ட், சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு நடத்திய குழந்தைகள் இல்லம், வுல்டனில் பீக்கன்ஸ்ஃபீல்ட் ரோட்டில் இருக்கிறது. அந்தப் பாட்டை எழுதிய பீட்டில்ஸின் ஜான் லென்னன் வளர்ந்த 251, மென்லவ் அவென்யூவிலிருந்து நடக்கிற தூரம். பென்னி லேனிலிருந்து நடந்தே போவதென்றால் முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். சாலையோரச் சிவப்புக் கதவுகள் நகல். அசலை 2011இல் கழற்றிவிட்டார்கள். அசல் கதவுகள் இப்போது வளாகத்துக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கின்றன, வாசலோடு திரும்பிவிடாதீர்கள்.