கிரெடிட் கார்டு அபராதத்தை எழுதிக் கேட்டுத் திரும்பப் பெறும் முறை

செட்டிநாட்டில் உள்ள பள்ளத்தூரில் பலகாரம் செய்து வெளியூர்களுக்கு அனுப்பும் ஆச்சி ஒருவர், சென்ற ஆண்டு தம் கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்டை என்னிடம் கொண்டுவந்தார். பணம் கட்டக் கடைசி நாள் 12ஆம் தேதி; அவர் முழுத் தொகையையும் கட்டியது 14ஆம் தேதி. அடுத்த பில்லில் தாமதக் கட்டணம் 750 ரூபாயும் அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 135 ரூபாயுமாக 885 ரூபாய் ஏறியிருந்தது. “ரெண்டு நாள் தள்ளிக் கட்டுனது நாந்தானே தம்பி, கட்டிருவோம்” என்றார். கட்ட வேண்டியதில்லை என்றேன்.

ரிசர்வ் வங்கியின் கார்டு விதிமுறைகளின்படி, கெடு தேதி கடந்து 3 நாளுக்கு மேல் பாக்கி நின்றால்தான் தாமதக் கட்டணம் விதிக்கலாம். அந்தக் கட்டணத்தையும் மொத்த பில் தொகைக்குப் போடாமல், கெடுவுக்குப் பிறகு மீதி நிற்கும் தொகைக்கு மட்டுமே போட வேண்டும். 20,000 ரூபாய் பில்லில் 19,800 ரூபாயைக் கெடுவுக்குள் கட்டியவரிடம், மீதி 200 ரூபாய்க்கு உரிய கட்டணத்தைத்தான் கேட்கலாம். வட்டி இதில் சேராது. 3 நாள் சலுகையைக் காட்டி வட்டியையும் தள்ளுபடி செய்யச் சொன்னால், நியாயமான கோரிக்கையும் அதோடு சேர்ந்து அடிபட்டுப் போகும். அதேபோல், 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்ற பழைய நுகர்வோர் ஆணையத் தீர்ப்பை இன்றும் சிலர் மேற்கோள் காட்டுகிறார்கள். 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது.

ஆகவே முதல் வேலை நாள் எண்ணுவது. கெடு தேதி, பணம் உங்கள் கணக்கிலிருந்து போன தேதி, கார்டு கணக்கில் வரவு வைத்த தேதி ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நாள் கணக்காக வட்டி போட்டுப் பேரேடு எழுதிய ஊர் இது. பேரேட்டில் ஒரு நாள் பிசகினாலும் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்ட வீடுகளில், அச்சடித்து வந்த பில்லை மட்டும் யாரும் கேள்வி கேட்பதில்லை.

அடுத்து கஸ்டமர் கேருக்குப் பேசலாம். ஆனால் கூகுளில் தேடிக் கிடைக்கும் எண்ணுக்குப் பேசாமல், கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கே பேசுங்கள். ஓ.டி.பி. கேட்டால் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். பேசியதோடு நிற்காமல் அன்றே மின்னஞ்சலிலும் எழுத வேண்டும், ஏனெனில் பின்னால் சாட்சி சொல்லப்போவது எழுத்துதான். ஆச்சிக்காக நான் எழுதியது இவ்வளவே:

“கெடு தேதி 12. முழுத் தொகையும் 14ஆம் தேதி செலுத்தப்பட்டது, ரசீது இணைத்துள்ளேன். ரிசர்வ் வங்கி விதிப்படி 3 நாளுக்கு மேல் பாக்கி நின்றால் மட்டுமே தாமதக் கட்டணம் விதிக்கலாம். எனவே 750 ரூபாயையும் அதன் மேல் விதித்த வரி 135 ரூபாயையும் திரும்ப வரவு வைக்கக் கோருகிறேன். மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தெரிவிக்கவும்.”

கோபத்தைக் காட்டும் வரி எதுவும் அதில் இல்லை. கார்டின் முழு எண்ணையும் எழுதாமல் கடைசி 4 இலக்கங்களை மட்டும் குறிப்பிட்டோம். பில்லை ஆட்சேபித்துக் கேட்டால் அதிகபட்சம் 30 நாளுக்குள் விளக்கம் தர வேண்டியது கார்டு நிறுவனத்தின் கடமை. அதுவரை தகராறில் இல்லாத தொகையைத் தவறாமல் கட்டிவிடுங்கள். 885 ரூபாய்க்காக மொத்த பில்லையும் நிறுத்தி வைப்பவர் கிரெடிட் ஸ்கோரைத்தான் இழப்பார்.

உண்மையிலேயே பத்து நாள் தாமதமாகி இருந்தால் விதியைக் காட்டிப் பயனில்லை. பல ஆண்டுகளாகத் தவறாமல் கட்டி வந்ததைச் சொல்லி, இந்த ஒரு முறை தள்ளுபடி செய்யுமாறு கேட்கலாம். அவர்கள் தந்தால் உண்டு. மாறாக, பாக்கி எதுவும் இல்லாத கார்டை மூடச் சொல்லி 7 வேலை நாள் கடந்தும் மூடாமல் ஆண்டுக் கட்டணம் போட்டிருந்தால், கணக்கை மூடும் வரை நாளுக்கு 500 ரூபாய் வீதம் நிறுவனம்தான் உங்களுக்குத் தர வேண்டும். இதைக் கேட்டு வாங்கியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

30 நாள் கடந்தும் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலோ வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) போகலாம். அதற்கான இணையதளத்தில் புகாரைப் பதிவு செய்யக் கட்டணம் இல்லை; 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் செய்யாமல் நேராக அங்கே போனால் ஏற்க மாட்டார்கள். நுகர்வோர் ஆணையம் மற்றொரு வழி. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்கிடலாம் என்பதால், காரைக்குடிக்காரர் சிவகங்கைக்குப் போனால் போதும். ஆனால் சில நூறு ரூபாய்க்கு அந்த அலைச்சல் தேவையா என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆச்சிக்கு அவ்வளவு தூரம் போக நேரவில்லை. அடுத்த ஸ்டேட்மென்டிலேயே 750 ரூபாய் வரவாகிவிட்டது. வரி 135 ரூபாய் மட்டும் வரவில்லை. அன்று இரவே அதே புகார் எண்ணைக் குறிப்பிட்டு இரண்டாவது கடிதத்தை அனுப்பினோம். இந்த முறை தட்டச்சு செய்தது ஆச்சிதான்.