தம்புரா கேட்கிறதா? வீட்டு ஸ்பீக்கரில் கச்சேரி கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பிஸ்கட் டின் நிறையக் கேசட்டுகள் இருக்கின்றன. ஆயா, அதாவது என் பாட்டி, சேர்த்து வைத்தவை. டர்பனில் பல தமிழ்க் குடும்பங்களில் இப்படி ஒரு டின்னோ பெட்டியோ இருக்கும். பிள்ளைகள் அதை எடுத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, "கர்நாடக சங்கீதம் எனக்குப் பிடிபடவில்லை" என்று மூடி வைத்துவிடுகிறார்கள். அவர்கள் வீட்டுக்குப் போய்க் கேட்டால் மிருதங்கம் மட்டும் இடிக்கிறது, பாடுகிறவர் தகரத்துக்குள் இருந்து பாடுவதுபோல இருக்கிறது. சினிமாப் பாட்டுக்கும் பார்ட்டிக்கும் அமைத்த சிஸ்டம் அது. அதைக் கச்சேரிக்கு மாற்ற ஒரு ஞாயிறு மதியம் போதும், பெரிய செலவும் இல்லை.

எனக்கு ஒரே ஒரு அளவுகோல்தான்: தம்புரா கேட்கிறதா? பாட்டுக்குப் பின்னால் சுருதி பிடிக்கும் அந்த நாலு தந்தியும் விடாமல் ஒலிப்பது உட்கார்ந்த இடத்தில் காதில் விழுந்தால், மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும். கீழே சொல்லும் ஒவ்வொரு படிக்குப் பிறகும் இதையே கேட்டுப் பாருங்கள்.

முதலில் அறை

நம் வீடுகளில் பெரும்பாலும் டைல்ஸ் தரை, வெறும் சுவர். அறை நடுவில் நின்று ஒரு முறை கை தட்டுங்கள். 'டிங்' என்று ஒரு வால் நீண்டால், அந்த வால்தான் தம்புராவை விழுங்குகிறது. ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் இடையில் ஒரு கம்பளம் விரியுங்கள், ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள். மறுபடி தட்டிப் பாருங்கள்.

இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அதே தூரத்தில் நீங்கள் உட்கார வேண்டும். ட்வீட்டர், அதாவது ஸ்பீக்கரில் இருக்கும் சின்ன வட்டம், உங்கள் காது உயரத்துக்கு வரட்டும். பின்சுவரை ஒட்டி வைத்தால் பாஸ் வீங்கும். ஒரு முழமாவது முன்னால் இழுத்து வையுங்கள். சாமி மாடத்துக்குக் கீழே ஒன்று, டிவிக்குப் பக்கத்தில் ஒன்று என்று பிரித்து வைக்காதீர்கள்.

இணைப்பு

இங்கும் இந்தியாவிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். அதனால் சென்னையில் வாங்கி வந்த ஆம்ப் (ஒலிபெருக்கும் ஆம்ப்ளிஃபயர்) இங்கே நன்றாக ஓடும். அங்கே சிறிய மூன்று முள் பிளக், இங்கே பருத்த 15 ஆம்பியர் பிளக். எர்த் முள் உள்ள அடாப்டராகப் பார்த்து வாங்குங்கள்.

ஸ்பீக்கர் வயரில் சிவப்பு சிவப்போடும் கறுப்பு கறுப்போடும் சேர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாறிவிட்டால் பாஸ் மெலிந்து, குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. இதைச் சோதிக்கப் இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வரும் பழைய மோனோ பதிவைப் போலச் சிறந்தது இல்லை. பாடகர் இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவில் உட்கார்ந்திருப்பதுபோலக் கேட்டால் இணைப்பு சரி.

ஸ்டீரியோ பதிவில் இன்னொன்றும் பார்க்கலாம். மேடையில் வழக்கமாகப் பாடகருக்கு வலப்பக்கம் மிருதங்கம், இடப்பக்கம் வயலின். எதிரே இருக்கும் நமக்கு மிருதங்கம் இடது ஸ்பீக்கரில் வர வேண்டும். இடக்கை வாசிப்புக்காரர் என்றால் மாறும்.

மின்வெட்டு நேரத்தில் கரண்ட் போனதும் ஆம்பின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கரண்ட் திரும்பும் கணத்தில் வோல்டேஜ் எகிறும். எங்கள் வீட்டு முதல் ஆம்ப் அப்படித்தான் போயிற்று, ஆயா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

அந்த 'ம்ம்ம்' சத்தம்

எதுவும் பாடாதபோது ஸ்பீக்கரில் மெல்ல 'ம்ம்ம்' என்று கேட்கிறதா? மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அலைவும் அதன் மடங்கான 100 ஹெர்ட்ஸும்தான் அது. சினிமாப் பாட்டில் இது மறைந்துவிடும். கச்சேரியில் மறையாது. ஒரு கட்டை (ஹார்மோனியத்தின் C) சுருதியில் பாடும் ஆணின் கீழ்ப் பஞ்சமம் சுமார் 98 ஹெர்ட்ஸ். இந்த 100 ஹெர்ட்ஸ் அதற்குக் கொஞ்சம் மேலே நின்று, சுருதி சேராத இன்னொரு தம்புராவைப் போல விடாமல் ஒலிக்கும். ஏன் என்று தெரியாமலே காது களைத்துப் போகும். எல்லாக் கருவிகளையும் ஒரே பலகையில் செருகுங்கள், கருவியிலிருந்து ஆம்புக்கு ஒலி கொண்டுவரும் ஆர்சிஏ வயரைக் கரண்ட் வயரிலிருந்து விலக்குங்கள். பெரும்பாலும் நின்றுவிடும். எர்த் முள்ளை மட்டும் எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள், உயிருக்கு ஆபத்து.

பாஸ், ட்ரெபிள்

இரண்டையும் நடுவில் வையுங்கள். 'லவுட்னஸ்', 'எக்ஸ்ட்ரா பாஸ்', 'நைட் மோடு' எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்புவார்கள். அதில் வரும் கும்கி வழுக்கிக்கொண்டு மேலேறும் நாதம். பாஸைக் கூட்டினால் அந்த வழுக்கல் போய் வெறும் 'தும்' மட்டும் மிஞ்சும். தம்புராவும் அதன் அடியில் புதைந்துவிடும்.

ஒலியளவைத் தனி ஆவர்த்தனத்தை, அதாவது தாளக் கருவிகள் மட்டும் வாசிக்கும் பகுதியை, வைத்து அமையுங்கள். அங்கே காது கூசாத அளவில் நிறுத்திவிட்டு, பிறகு தாளமில்லாமல் ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனைக்குத் திரும்புங்கள். சன்னமாக இருக்கும், இருக்கட்டும். இரண்டு நிமிடத்தில் காது பழகிவிடும்.

ஆயாவின் கேசட்டுகள்

டர்பன் கடற்காற்றில் ஈரம் அதிகம். நாடாவில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டாதீர்கள், டெக்கின் ஹெட்டும் கெடும். நல்ல கேசட் என்றால் முதலில் ஒரு முறை முழுக்க முன்னும் பின்னும் சுற்றி, நாடாவைத் தளர்த்திக்கொள்ளுங்கள்.

அப்புறம் வேகம். பழைய டெக்குகள் வேகமாக ஓடினால் சுருதியும் ஏறும். அரைக் கட்டை ஏறியிருந்தால் வேகம் சுமார் 6% கூடிவிட்டது என்று பொருள். பாடகரின் வழக்கமான சுருதியைச் சுருதிப் பெட்டியிலோ கைபேசிச் செயலியிலோ வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். கம்ப்யூட்டரில் ஏற்றிய பிறகு, ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் வேகத்தையும் சுருதியையும் சேர்த்தே குறைக்கலாம். நான் ஒரு கேசட்டை அப்படிச் சரிசெய்து போட்டபோது, ஆயா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "இதுதான்டா அவர் குரல்" என்றார்.

இசைத்தட்டு இருந்தால் ஆம்பில் 'ஃபோனோ' என்று எழுதிய துளையில் செருகுங்கள். அது இல்லாவிட்டால் தட்டின் மெல்லிய ஒலியைப் பெருக்கித் தரும் ஃபோனோ பெட்டி ஒன்று தனியே வேண்டும்.

எதை முதலில் கேட்பது?

எம்.டி. ராமநாதனில் (1923–1984) தொடங்கச் சொல்வேன். தாழ்ந்த சுருதி, அவசரமில்லாத பாட்டு. நடுவில் நிறைய இடைவெளி விடுவார், அந்த இடைவெளிகளில் உங்கள் சிஸ்டம் எப்படி இருக்கிறது என்பது அப்படியே தெரியும். அடுத்து எஸ். பாலசந்தரின் (1927–1990) வீணை. ஒரே மீட்டில் தந்தியை இழுத்து எத்தனை சுரம் தொடுகிறார் என்று கவனியுங்கள். ஒவ்வொன்றும் தனித்தனியே கேட்க வேண்டும். டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரம் போடும்போது ஒலியைக் குறையுங்கள். அங்கே தம்புராவுக்குப் பதில் ஒத்து, சுருதி மட்டும் பிடிக்கும் குழல். அது அறுபடாமல் கேட்கிறதா என்று பாருங்கள்.

பழைய 78 சுழற்சித் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம்தான் இடம். அதிலிருந்து எடுத்த பதிவுகளில் பாட்டு சுருக்கமாக இருக்கும், 'சர்சர்' என்ற சத்தமும் இருக்கும். ட்ரெபிளைக் குறைத்து அந்தச் சத்தத்தைக் கொல்லப் பார்க்காதீர்கள், தம்புராவும் சேர்ந்து போய்விடும்.

கடைசியாக ஒரு முழுக் கச்சேரிப் பதிவு போடுங்கள். விளக்கைக் குறைத்துவிட்டு, தனி ஆவர்த்தனம் வரை எழுந்திருக்காமல் உட்காருங்கள். தனியை முடித்துவைக்கும் கோர்வை என்ற தாளக் கோப்பு முடிந்து, கைதட்டல் எழுவதற்கு முன்னால் ஒரு கணம் வரும். வேறு எதுவும் ஒலிக்காத அந்தக் கணத்தில் தம்புரா கேட்கிறதா என்று பாருங்கள்.